அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களும் வகுப்புப் பாடமும்: கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள மாணவர்களுக்கு அவரவர் வகுப்பின் பாடத்தை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று பெற்றோர், ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள் அனுப்பிய கேள்விகளும், இந்தத் துறை ஆய்வுகளை நன்கு அறிந்த ஒருவர் தந்த பதில்களும்.

கேள்வி (ஒரு தாய்): என் மகனுக்குத் தன் பெயரை முழுதாக எழுத வராது. அவனுக்கு ஏழாம் வகுப்பு அறிவியல் எதற்கு? முதலில் எழுத்து, பிறகு பாடம் என்று போவதுதானே முறை?

பதில்: அந்த வரிசையில் போனால் பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தின் வாசலுக்கே வருவதில்லை, அம்மா. பத்து வயதில் எழுத்து, பன்னிரண்டிலும் எழுத்து, பதினைந்திலும் அதே எழுத்து என்றுதான் ஓடும். எழுத்துப் பயிற்சி தொடரட்டும். அதற்காகப் பாடம் காத்திருக்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் வாசித்துக் காட்டினால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும். கேட்டுப் புரிந்துகொள்வது தனித் திறன். அதற்கும் பயிற்சி வேண்டும்.

இந்தப் பிள்ளைகளால் முடியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஆய்வாளர் டயான் ப்ரௌடரும் அவருடைய குழுவினரும் கடுமையான அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு வாசிப்பு கற்பித்த 128 ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பார்த்தவுடன் சொல்லை அடையாளம் காண்பதோடு நின்றுவிட்டவை. பொருள் புரிதலைத் தொட்டவை குறைவு. அதாவது, அதிகம் கற்பித்துப் பார்க்காத ஒன்றைத்தான் 'வராது' என்று முடிவு கட்டியிருந்தோம். ஆய்வாளர் ஆன் டொனெலன் 1984-இல் சொன்ன கொள்கை இங்கே பொருந்தும்: உறுதியான ஆதாரம் இல்லாதபோது, தவறாகப் போனாலும் பிள்ளைக்கு மிகக் குறைந்த கேடு தரும் ஊகத்தையே எடுக்க வேண்டும். புரியும் என்று நம்பிக் கற்பித்து, புரியாமல் போனால் இழப்பு சிறிது. புரியாது என்று விட்டுவிட்டு, புரிந்திருக்கக்கூடும் என்றால் போன வருடங்கள் திரும்பாது.

கேள்வி (வகுப்பாசிரியர்): பாடத்தை எளிமையாக்குங்கள் என்கிறார்கள். எவ்வளவு எளிமை? நீர்ச் சுழற்சிப் பாடத்தை வைத்தே சொல்லுங்களேன்.

பதில்: முதலில் அந்தப் பாடத்திலிருந்து பிள்ளை எடுத்துப் போக வேண்டிய கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: 'நீர் மேலே போகிறது, மழையாகத் திரும்பி வருகிறது.' இந்த வாக்கியம் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரட்டும். பிள்ளை அதைச் சொல்லலாம், அல்லது பேசும் பொத்தானில் பதிந்துவைத்தால் அழுத்தலாம். அடுத்து, மூன்று முதல் ஐந்து சொற்கள் போதும்: ஆவி, மேகம், மழை, வெப்பம். மற்றக் கலைச்சொற்களை விட்டுவிடுங்கள். பக்கத்துக்கு இரண்டு முதல் நான்கு சிறு வாக்கியங்கள். மூன்று பக்கப் பாடம் இப்படி ஆறேழு பக்கச் சிறு புத்தகமாகும். தடித்த அட்டையில் ஒட்டி, பக்க ஓரத்தில் சிறு பஞ்சுத் துண்டு வைத்தால் விரல் பிடிப்பு குறைந்த பிள்ளையும் தானே புரட்டும்.

படம் வைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு படம் வைத்தால் பக்கம் சந்தையாகிவிடும். முக்கியச் சொற்களுக்கு மட்டும் வையுங்கள். இன்னொன்று: 'மேகம்' என்ற எழுத்துருவைப் படிக்கக் கற்றுத்தருவது உங்கள் இலக்கானால், படத்தை எடுத்துவிடுங்கள். படம் பக்கத்தில் இருந்தால் பிள்ளை படத்தைப் பார்த்தே சொல்லிவிடும், எழுத்தின் மேல் கண் போகாது. பொருள் புரிவது இலக்கானால் படம் இருக்கட்டும். ஒரே அட்டையில் இரண்டு இலக்கையும் சேர்த்தால் இரண்டும் கெடும்.

கேள்வி அட்டைகள்: 'வெப்பம் பட்டால் நீர் என்ன ஆகும்?' சரியான விடை ஆவி. கூடவே மழை, மேகம் என்று பாடத்திலிருந்தே இரண்டு. யானைப் படத்தைத் தவறான விடையாக வைத்தால், பாடம் கேட்காத பிள்ளையும் சரியாகத் தொடும். பாடத்தைப் படிக்காத ஒருவரிடம் அட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். அவர் ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னால் அந்தக் கேள்விகள் எதையும் அளக்கவில்லை. சரியான விடையின் இடத்தையும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். எப்போதும் வலப்பக்கம் தொடும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு. இடம் மாறாவிட்டால் அந்தப் பழக்கம் உங்கள் கண்ணில் படாது.

கேள்வி (சிறப்பாசிரியர்): டைம் டிலே முறையில், அதாவது கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருந்து உதவும் முறையில், சொற்கள் கற்பிக்கிறேன். ஒரு மாணவன் நான் சொல்லும்வரை காத்திருக்கிறான், தானாகச் சொல்வதே இல்லை. இன்னொருத்தி உடனே ஏதோ ஒரு தவறான விடை சொல்கிறாள். எங்கே பிழை?

பதில்: இருவருக்கும் வெவ்வேறு பிழை. முறையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம், மற்றவர்களுக்கும் உதவும்.

1971-இல் டூஷெட் என்ற ஆய்வாளர் காட்டிய அடிப்படைதான் இது. கேள்விக்கும் உதவிக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால், பிள்ளை உதவிக்கு முன்பே பதில் தரும் கணம் வரும். நாம் வகுப்பில் பயன்படுத்துவது மாறாத இடைவெளி உள்ள வடிவம். நான்கைந்து சொற்கள் எடுங்கள். முதல் ஒன்றிரண்டு அமர்வுகளில் இடைவெளி 0 வினாடி: அட்டையைக் காட்டிய கையோடு 'மேகம்' என்று நீங்களே சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லவோ தொடவோ வையுங்கள். பிழைக்கு இடமே இருக்காது. அதன் பிறகு 4 அல்லது 5 வினாடி காத்திருங்கள். இந்த வினாடிகளை மனதுக்குள் முழுதாக எண்ண வேண்டும். நம் கையில் 5 வினாடி என்பது பெரும்பாலும் 2-ஆகச் சுருங்கிவிடுகிறது.

குறிப்புத் தாளில் சரி, தவறு என்று இரண்டே கட்டம் போட்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது. ஐந்து கட்டம் போடுங்கள்: உதவிக்கு முன் சரி, உதவிக்கு முன் தவறு, உதவிக்குப் பின் சரி, உதவிக்குப் பின் தவறு, பதில் இல்லை. ஒரு வாரத் தாளைப் பார்த்தாலே நோய் தெரியும்.

உங்கள் மாணவி 'உதவிக்கு முன் தவறு' கட்டத்தை நிரப்புகிறாள். அவளுக்குச் சொல் தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும், காத்திருக்கத் தெரியவில்லை. 0 வினாடிக்குத் திரும்புங்கள். 'தெரியாவிட்டால் காத்திரு, நான் சொல்வேன்' என்பதை, அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒரு குறியீட்டை வைத்துத் தனியாகப் பழக்குங்கள்.

மாணவன் 'உதவிக்குப் பின் சரி' கட்டத்திலேயே நிற்கிறான். காத்திருந்தாலும் பாராட்டு, முந்திச் சொன்னாலும் அதே பாராட்டு என்றால் அவன் ஏன் முந்த வேண்டும்? தானாகச் சொன்னால் அவனுக்கு மிகப் பிடித்ததைக் கொடுங்கள். உதவி பெற்றுச் சொன்னால் 'ஆமாம், மேகம்' என்பதோடு நிறுத்துங்கள்.

உதவிக்குப் பின்னும் தவறு என்றால், அந்த உதவியே அவனுக்கு உதவி ஆகவில்லை. வாயால் சொல்வதை விட்டு, விரலால் காட்டிப் பாருங்கள். பதிலே இல்லை என்றால் முதலில் காது, கண், சோர்வு, மருந்து மாறியதா என்று பாருங்கள். பிறகு பரிசு அவனுக்கு உண்மையிலேயே வேண்டியதுதானா என்று பாருங்கள்.

கேள்வி (அதே சிறப்பாசிரியர்): பாடம் சார்ந்த கேள்விகளுக்கும் இதே முறைதானா?

பதில்: அங்கே படிப்படியாகக் கூட்டும் உதவி நன்றாக வேலை செய்கிறது. பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி வாசிப்பது முதல் படி. அடுத்து, விடை இருக்கும் ஒரு வாக்கியத்தை மட்டும் வாசிப்பது. பிறகு விடையைச் சொல்வது, கடைசியில் அட்டையைத் தொட்டுக் காட்டுவது. ஒவ்வொரு படிக்கு நடுவிலும் 4 முதல் 5 வினாடி. முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளை உங்கள் வாயைத்தான் கவனிக்கும். மறுவாசிப்பில் தொடங்கினால் புத்தகத்தில் தேடப் பழகும்.

கேள்வி (கணித ஆசிரியர்): கூட்டல், கழித்தல் வரும். வாக்கியக் கணக்கு என்றால் நின்றுவிடுகிறார்கள். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று சொல்லிக் கொடுத்தேன்.

பதில்: அந்தக் குறிச்சொல் வழியை விட்டுவிடுங்கள். ஒரு கணக்கு: 'மீனாவிடம் 5 பந்து. அது கவிதாவிடம் இருப்பதைவிட 2 அதிகம். கவிதாவிடம் எத்தனை?' 'அதிகம்' என்ற சொல்லைப் பிடித்தவர் கூட்டி 7 என்பார். விடை 3.

கணக்கின் அமைப்பை வைத்துக் கற்பிப்பதே பலன் தருகிறது. சேர்ப்பது, மாறுவது, ஒப்பிடுவது என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடத் தாள். சேர்ப்பதற்கு இரண்டு சிறு வட்டமும் ஒரு பெரிய வட்டமும். மாறுவதற்குத் தொடக்கம், மாற்றம், முடிவு என்று மூன்று கட்டம். ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டைகள். கூடவே மேசையில் ஒட்டிய படித் தாள்: கணக்கைக் கேள், எதைப் பற்றிய கணக்கு என்று வட்டமிடு, வகையைக் கண்டுபிடி, எண்களை வட்டமிடு, கட்டத்தில் எழுது, கூட்டலா கழித்தலா, காய்களை வைத்து எண்ணு, விடை எழுது. முடித்த படியைப் பிள்ளையே டிக் செய்யட்டும்.

சேர்க்கும் வகையை நன்றாகப் பிடித்த பிறகே அடுத்த வகை. இரண்டு வகை வந்ததும் கலந்து கொடுங்கள். கலக்காமலே போனால் பிள்ளை கணக்கைப் பார்க்காமல் தாளை நிரப்பும். எண்கள் 10-க்குள் இருக்கட்டும். இங்கே சோதிப்பது சிந்தனையை. எண் பெரிதானால் எண்ணும் பிழை வந்து அதை மறைத்துவிடும். 'மொத்தம்' போன்ற சொற்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவதும் நல்லது.

கேள்வி (ஒரு தந்தை): மகளுக்குத் தனி உதவியாளர் உண்டு. எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் மகளுக்கு ஒரு தோழிகூட இல்லை.

பதில்: இந்த நெருக்கத்தின் பக்கவிளைவை ஆய்வாளர் மைக்கேல் ஜியான்கிரெக்கோவின் குழு 1997-இலேயே விரிவாக எழுதியிருக்கிறது. ஒரு பெரியவர் ஒட்டியே இருந்தால் வகுப்பாசிரியர் விலகிக்கொள்கிறார், மற்றப் பிள்ளைகள் அருகில் வருவதில்லை, பிள்ளை அவரையே சார்ந்துவிடுகிறாள். உதவியாளரின் மனசு நல்லதுதான், இடம்தான் தவறு. எரிக் கார்ட்டர் போன்ற ஆய்வாளர்கள் பரிசோதித்த மாற்று, சக மாணவர் துணை. ஒருவர் வேண்டாம், இரண்டு பேரை எடுங்கள். ஒருவர் வராத நாளில் ஏற்பாடு உடையாது. விருப்பத்தோடு வருபவர்களாக இருக்கட்டும். பாடம் தொடங்கும்போது, குழுவேலையில், முடியும்போது யார் என்ன செய்வார் என்று அரைப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் சில நாட்கள் உதவியாளர் பக்கத்தில் நின்று காட்டட்டும், பிறகு மூன்றடி தள்ளி, பிறகு வகுப்பின் மறுபக்கம். துணை மாணவர்கள் குட்டி ஆசிரியர்களாக மாறி அதட்டத் தொடங்குகிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அன்றே பேசித் திருத்துங்கள்.

கேள்வி (ஒரு தாய்): மகன் பேசுவதில்லை. அவன் கையை ஒருவர் பிடித்துக்கொண்டால் நீண்ட வாக்கியங்களைத் தட்டச்சு செய்கிறான் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. 1990-களில் எளிய சோதனை ஒன்று திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது: பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம். தட்டச்சில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். கை பிடித்தவர்கள் ஏமாற்றவில்லை. தம் கை நகர்வதை அவர்களே உணரவில்லை. அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்புச் சங்கம் 2018-இலும் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. இதில் நாம் இழப்பது உங்கள் மகனின் சொந்தக் குரலை.

தன் விரலாலோ கண்ணாலோ தானே தேர்ந்தெடுக்கும் படப் பலகை, பேசும் கருவி ஆகியவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. 'வேண்டும், வேண்டாம், இன்னும், நிறுத்து, உதவி, என்ன' போன்ற எங்கும் பயன்படும் சொற்கள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாடச் சொற்களைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் பேசும்போதே அந்தப் பலகையில் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். கருவியைத் தண்டனையாகப் பிடுங்கி வைக்கவே கூடாது.

கேள்வி (ஆய்வு மாணவர்): என் ஆய்வில் மூன்று மாணவர்கள்தான். மூன்று பேரை வைத்து எதை நிறுவ முடியும் என்று கேட்கிறார்கள்.

பதில்: ஒரே நேரத்தில் மூவருக்கும் தொடங்கினால் எதையும் நிறுவ முடியாது. ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கினால் முடியும். முதல் மாணவருக்குக் கற்பிக்கத் தொடங்கியதும் வரைபடத்தில் அவர் கோடு ஏற வேண்டும், மற்ற இருவர் கோடு அசையாமல் இருக்க வேண்டும். இது மூன்று வெவ்வேறு நேரங்களில் திரும்ப நடந்தால், காரணம் உங்கள் முறைதான் என்று வாதிடலாம். தொடக்க நிலையில் ஒவ்வொருவருக்கும் ஐந்து அளவீடுகள் எடுங்கள். ஆனால் காத்திருக்கும் மாணவரைத் தினமும் சோதிக்காதீர்கள். கற்பிக்காததைக் கேட்டுக்கொண்டே இருந்தால் வெறுப்பு வரும், தவறும் பழகும். அதனால்தான் ஹார்னர், பேர் (Baer) என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் விட்டு விட்டு அளக்கும் வடிவத்தை முன்வைத்தார்கள். அடுத்தவருக்குத் தொடங்கும் முன்பு மட்டும் தொடர்ச்சியாக அளந்தால் போதும்.

ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 20 சதவீத அமர்வுகளை இரண்டாவது ஆள் தனியாகக் குறிக்க வேண்டும். ஒத்துப்போனவற்றை மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 80-க்குக் கீழே போனால் வரையறையில்தான் குழப்பம். 'சரியான பதில்' என்றால் தொடுவதா, இரண்டு வினாடி தொட்டு வைப்பதா என்று எழுதுங்கள். நீங்கள் முறையை எழுதியபடி செய்தீர்களா என்பதையும் படித் தாளில் யாராவது குறிக்கட்டும். பலன் வராத பல ஆய்வுகளில் முறை தோற்கவில்லை, முறை நடக்கவே இல்லை.

கேள்வி (அதே ஆய்வு மாணவர்): அமர்வின் நடுவில் ஒரு மாணவர் எழுந்து போய்விடுகிறார். பெற்றோர் கையெழுத்து இருக்கிறது. உட்கார வைக்கலாமா?

பதில்: கூடாது. பெற்றோரின் ஒப்புதல் ஒன்று, மாணவரின் சம்மதம் வேறு. தொடங்கும் முன்பே அவர் 'வேண்டாம்' என்பதை எப்படிக் காட்டுவார் என்று வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள்: முகம் திருப்புவது, அட்டையைத் தள்ளுவது, காதைப் பொத்துவது. 'முடிந்தது' என்ற அட்டை எப்போதும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், அதைத் தொட்டால் உண்மையிலேயே முடியட்டும். அன்றைய அமர்வைத் தவறு என்று குறிக்காமல், நிறுத்தப்பட்டது என்று குறியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் அந்த அட்டையைத் தொட்டால் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 4-ஆகக் குறையுங்கள், எந்தப் பக்கத்தில் எழுந்தார் என்று பாருங்கள். பல நேரம் அது ஒரே பக்கமாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.