ஹோஸ் இல்லாமலும் கார் கழுவலாம். தூசியோடு துடைப்பதைத்தான் நிறுத்த வேண்டும்

சென்னை பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர்தான் வருகிறது. கீழே குழாய் இருந்தாலும் அதில் ஹோஸ் மாட்டிக் கார் கழுவக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். என்னுடையது கறுப்பு நிறக் கார். வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தினமும் காலையில் ஒருவர் வந்து துடைத்துவிட்டுப் போகிறார். ஆனாலும் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலைபோல் வட்டக் கோடுகள் தெரிகின்றன. முன்கண்ணாடியில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. ஹோஸ் இல்லாமல் காரை முறையாகக் கழுவ வழி உண்டா?"

வழி உண்டு. உங்கள் சங்கத்தின் தீர்மானத்தின் மீது வருத்தமும் வேண்டாம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போய், குடத்தோடு தெருவில் நின்ற நகரம் இது. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரில் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியமே அறிவித்தது. அழுத்தத்தைப் பொறுத்து நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது லிட்டர் வரை ஹோஸில் போய்விடும் என்பதைக் கணக்கில் கொண்டால், ஒரு காருக்குப் பத்து நிமிடம் என்பது ஒரு சிறு குடும்பத்தின் அரை நாள் தண்ணீர்.

ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் ஒரு கருத்தை முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. பானட்டில் விழுந்திருக்கும் அந்தக் கோடுகளுக்கு ஹோஸ் இல்லாதது காரணம் அன்று. தினமும் துடைப்பதுதான் காரணம். காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவுதான். இரவில் படியும் தூசியிலோ மணல் துகள்கள் உண்டு. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் உடையது. அந்தத் துகளை ஈரத்துணிக்கும் பூச்சுக்கும் நடுவே வைத்து வட்டமாகத் தேய்த்தால் என்ன ஆகும் என்பதைத்தான் உங்கள் பானட் காட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக் காரிலும் இதே கோடுகள் விழும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நாளைக் காலை சற்று நேரத்தோடு கீழே இறங்கி, துடைப்பவர் மூன்றாவது காரை முடித்ததும் அவருடைய வாளியின் அடியை விரலால் தொட்டுப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டுப்படும். மேற்கூரையைத் துடைத்த துணியே கதவுக்கும், பம்பருக்கும், சக்கரத்துக்கும் போய், அதே வாளியில் முங்கி எழுந்து அடுத்த காரின் மேற்கூரைக்கு வருகிறது. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அரை வாளித் தண்ணீரில் பத்துக் காரை ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய முடியும்.

ஆகவே, குறைந்த தண்ணீரில் கழுவும்போது கவனிக்க வேண்டியது தூசியை எப்படி நீக்குவது என்பதைவிட, அதை உருட்டாமல் எப்படித் தூக்குவது என்பதுதான். ஹோஸின் நீர் அந்த வேலையை வேகத்தால் செய்கிறது; அது இல்லாதபோது வழுவழுப்பால் செய்ய வேண்டும். இதற்கென்றே ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற பெயரில் ஒரு திரவம் விற்கிறது. அதில் உள்ள பாலிமர்கள் தூசித் துகளைச் சூழ்ந்து கொண்டு, பூச்சின் மீது அது உரசாமல் வழுக்கச் செய்கின்றன. துடைத்தபின் அலச வேண்டியதும் இல்லை. சாதாரண கார் ஷாம்பூவோ, தலைக்குத் தேய்க்கும் பாக்கெட் ஷாம்பூவோ இந்த இடத்தில் உதவாது. அவற்றின் நுரையைப் போக்கவே நாலைந்து வாளித் தண்ணீர் வேண்டும். அலசாமல் விட்டால் காய்ந்து திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். பாத்திரம் தேய்க்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் மெழுகுப் பூச்சை உரித்துவிடும் என்பதால் அவற்றைக் கார் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு வாளி, தோட்டக் கடைகளில் கிடைக்கும், கையால் பம்பு அடித்துத் தெளிக்கும் சிறிய ஸ்பிரேயர் ஒன்று, அதுவும் பூச்சிமருந்து பட்டிராத புதியதாக, 300 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கனமுள்ள மைக்ரோஃபைபர் துணிகள் எட்டு, உலர்த்துவதற்கு அதைவிடக் கனமான பெரிய துண்டு ஒன்று. திரவத்தின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக்கு 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்பது கணக்கு. அதாவது பத்து லிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லி. பாட்டிலில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டி ஊற்றினால் சுத்தம் கூடுவதில்லை, பிசுபிசுப்புத்தான் கூடும்.

வேலையை அதிகாலையிலோ மாலையிலோ நிழலில் தொடங்குங்கள். புறங்கையை பானட்டில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. எட்டுத் துணிகளையும் கலவை வாளியில் ஊற விடுங்கள். அதே கலவையில் கொஞ்சத்தை ஸ்பிரேயரில் நிரப்பிக்கொள்ளுங்கள். மேற்கூரையின் பாதிப் பரப்பில் தாராளமாகத் தெளித்து ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தூசி ஊறி இளகுவது இந்த நேரத்தில்தான். பிறகு ஒரு துணியை எடுத்து, முறுக்கிப் பிழியாமல், சொட்டச் சொட்ட நான்காக மடித்து, பரப்பின் மேல் படரவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்க்கோட்டில் இழுங்கள். கையை அழுத்த வேண்டாம். துணியின் கனமே போதும். இரண்டு இழுப்பு ஆனதும் துணியைத் திருப்பிப் புது முகத்தால் தொடருங்கள். நான்காக மடித்த துணிக்கு எட்டு முகங்கள் உண்டு. எட்டும் அழுக்கானபின் அந்தத் துணியைத் தனியே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். ஒருமுறை காரைத் தொட்ட துணி திரும்ப வாளிக்குள் போகவே கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் வாளித் தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். துடைத்த பகுதியை உடனே பெரிய துண்டால் ஒற்றி உலர்த்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். கண்ணாடிகள், பானட், கதவுகளின் மேற்பாதி, டிக்கி என்று மேலிருந்து கீழாக வந்து, கதவுகளின் அடிப்பகுதியையும் பம்பர்களையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்கள் கடைசி, அவற்றில் பிரேக் தேய்மானத்தின் இரும்புத் துகள் ஒட்டியிருப்பதால் அந்தத் துணிகளை எப்போதும் தனியாகவே வைத்திருக்க வேண்டும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம். பழகியபின் முக்கால் மணி நேரத்தில் முடியும். தண்ணீர் மொத்தம் பதினைந்து லிட்டரைத் தாண்டாது.

மழைக்காலத்தில் சேறு அப்பியிருக்கும்போது மட்டும் இந்த முறையை அப்படியே செய்ய வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரை ஸ்பிரேயராலும் மக்காலும் ஊற்றிச் சேற்றை வடிய விட்டு, விரலுக்குக் கரடாகத் தட்டுப்படுவது நின்றபிறகே துணியை எடுங்கள்.

இனி முன்கண்ணாடிப் புள்ளிகள். அவை அழுக்கு அல்ல, உப்பு. புறநகரில் லாரியில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். நீர் ஆவியானாலும் அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் ஆவியாவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. அந்த மேல்வரம்பை ஒட்டிய தண்ணீரைச் சொட்டாக வெயிலில் காயவிட்டால் புள்ளி விழாமல் இருக்காது. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, ஒரு துணியை அதில் நனைத்துக் கண்ணாடியின் மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வைத்து, பின் துடைத்து நல்ல தண்ணீரால் ஒற்றி எடுங்கள். கலவை பெயின்ட்டின் மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் போகாத புள்ளி கண்ணாடியையே அரித்துவிட்டது என்று பொருள்; அதற்குச் சீரியம் ஆக்சைடு கொண்டு மெருகேற்றுவோரிடம்தான் போக வேண்டும்.

புதிய புள்ளி விழாமலிருக்க உங்கள் வீட்டிலேயே நல்ல தண்ணீர் இருக்கிறது. ஏசியின் வடிகுழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. சென்னையின் ஈரப்பதத்தில் இரவு முழுக்க ஓடும் ஏசியிலிருந்து ஒரு வாளி எளிதாகச் சேரும். மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டுக் கலவைக்கும் கடைசித் துடைப்புக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிப் பலர் காருக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்பு மூலத் தண்ணீரைவிடக் கூடுதலாக இருக்கும். மிதியடிகளை அலச அது போதும், பெயின்ட்டுக்கு வேண்டாம்.

காரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மரத்தடியில் நிறுத்துவதாக இருந்தால் பறவை எச்சத்தை வாராந்தரக் கழுவல் வரை விட்டுவைக்காதீர்கள். அதில் உள்ள யூரிக் அமிலம் வெயில் ஏற ஏறக் கிளியர் கோட்டை அரித்துத் தடம் பதித்துவிடும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்து, இளகியதும் கிள்ளி எடுப்பதுபோல் தூக்கிவிட வேண்டும். மரப்பிசினுக்கு மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. அது கண்ணாடியோர ரப்பரையும் மெழுகையும் கெடுக்கும். தூசி படிந்த காருக்கு உறை போடுவதும் துடைப்பதைப் போலவே கெடுதல்: காற்றில் உறை அசையும்போதெல்லாம் உள்ளிருக்கும் மணல் அரைபடும். வேப்பமரத்தடி என்றால் வைப்பர்களுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சருகும் பூவும் சேர்ந்து மட்கி, நீர் வடியும் துளையை அடைத்துவிடும். அடைபட்ட கார்களில் மழைநீர் முன்னிருக்கையின் காலடிக் கம்பளம்வரை இறங்கி நாற்றம் அடிப்பதைப் பட்டறையில் ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து கையாலேயே அள்ளி எடுத்துவிடுங்கள். இன்ஜின் அறைக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காய்ந்த தூரிகையும் ஈரத்துணியும் போதும்.

ஒரு வாளியால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. அது காரின் அடிப்பாகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிக்கடி போய்வருபவர் என்றாலும், தெருவில் தேங்கிய மழைநீரில் ஓட்டியவர் என்றாலும், உப்பும் சேறும் அடியில் தங்கித் துருவுக்கு வழிசெய்யும். மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இருமுறை, வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தை மட்டும் கழுவச் சொல்லுங்கள். மேலே நுரை போட்டு ஸ்பாஞ்சால் தேய்க்க வருவார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

துடைப்பவரை நிறுத்த வேண்டியதில்லை. சம்பளத்தைக் குறைக்காமல் வேலையை மட்டும் மாற்றுங்கள்: தினமும் கண்ணாடிகள், பக்கக் கண்ணாடிகள், விளக்குகள் ஆகியவற்றை மட்டும், நீங்கள் கொடுத்த துணியால், வாரம் ஒருமுறை முழுக் காரையும் மேலே சொன்ன முறையில், நீங்கள் உடனிருக்கும்போது. துணிகளை வீட்டிலேயே துவைத்து வைத்துக்கொள்ளுங்கள்; பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு ஒட்டும், துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் ஈரம் உறிஞ்சாது. கீழே விழுந்த துணியை அன்றைக்குக் காரில் மீண்டும் வைக்க வேண்டாம்.

கடைசியாக, ஏற்கெனவே விழுந்த வட்டக் கோடுகள். பாலிஷ் போட்டால் அவற்றில் பெரும்பாலானவை மறையும். ஆனால் பாலிஷ் என்பது கோட்டின் ஆழம்வரை கிளியர் கோட்டையே சில மைக்ரான் சீவி எடுப்பதுதான்; இருக்கும் 50 மைக்ரானில் அதை எத்தனை முறை செய்ய முடியும்? எனவே இப்போதே போடாதீர்கள். இரண்டு மாதம் புதிய முறையில் கழுவிப் பழகி, புதிதாகக் கோடு விழவில்லை என்று வெயிலில் பார்த்து உறுதி செய்துகொண்டபிறகு ஒரே ஒருமுறை போட்டு, அதன் மேல் சீலன்ட் எனப்படும் பாதுகாப்புப் பூச்சைப் பூசிக்கொள்ளுங்கள். நம் வெயிலில் அது மூன்று மாதம் போலத் தாங்கும். தெளித்த தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் படர்ந்து நிற்கத் தொடங்கினால் மறுபடியும் பூசும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.