உயிலை நிறைவேற்றுபவரின் பொறுப்பு எதுவரை? – வாசகர் கேள்வி பதில்

(இவ்வாரக் கேள்விகள் அனைத்தும் முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்து தொடர்பானவை. முஸ்லிம்களின் சொத்துப் பங்கீட்டுக்கு வேறு சட்டங்கள் உள்ளன.)

கேள்வி: என் பெரியப்பா அண்மையில் காலமானார். ஆயர் ஈத்தாம் வீடு, வங்கிச் சேமிப்பு, ஒரு பழைய லாரி ஆகியவற்றைப் பெரியம்மாவுக்கும் மூத்த மகனுக்கும் மகளுக்கும் எழுதிவைத்து, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார். உடல் ஊனத்தால் சொந்தமாகச் சம்பாதிக்க இயலாத இளைய மகனின் பெயர் உயிலில் இல்லை. உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயிலை நிறைவேற்ற அதிகாரம் தரும் நீதிமன்ற ஆணை) கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. சேமிப்புப் பணத்தையாவது தீபாவளிக்குள் பிரித்துக் கொடுத்துவிடு என்று அண்ணன் நெருக்குகிறார். இதற்கிடையில், பெரியப்பா தம் நண்பரின் வியாபாரக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார் என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் சொன்னார். நாளை வங்கி வந்து கேட்டால் என் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டி வருமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பெரியப்பாவின் கடன் பெரியப்பாவின் சொத்தைச் சேர்ந்தது, உங்களைச் சேர்ந்தது அன்று. அவர் விட்டுச் சென்றது கடனுக்குப் போதவில்லை என்றால், அந்தக் குறையை உங்கள் சம்பளத்திலிருந்து ஈடுகட்டும்படி எந்த வங்கியும் கேட்க முடியாது. ஆனால், கடன் இருப்பது தெரிந்தோ, தெரிந்துகொள்ள வேண்டிய முயற்சியைச் செய்யாமலோ, சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நிலைமை தலைகீழாகிவிடும். கொடுத்துவிட்ட தொகை அளவுக்கு நீங்களே சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டி வரும். பல ஆண்டுகளாக இத்தகைய வழக்குகளைக் கவனித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறைவேற்றுநர்களில் பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது திருட்டால் அல்ல, அண்ணன் தம்பி முகத்துக்காக அவசரப்பட்டுக் கொடுத்துவிடுவதால்தான்.

ஆகவே வரிசை முக்கியம். ஈமச்சடங்குச் செலவும் சொத்து நிர்வாகச் செலவும் முதலில் கழிய வேண்டும், அடுத்துக் கடன்களும் வரியும், பங்கு கடைசியில்தான். மலேசியாவில் மரணத்துக்கான சொத்து வரி 1991 நவம்பர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. வருமான வரி அப்படி அல்ல. பெரியப்பா உயிருடன் இருந்த காலத்துக்குக் கட்ட வேண்டிய வரிக்கு, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நிறைவேற்றுநரையே பொறுப்பாக்குகிறது. உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு மரணத்தைத் தெரிவித்து, பாக்கி எதுவும் இல்லை என்பதை எழுத்தில் பெற்ற பிறகே பணத்தில் கைவையுங்கள்.

இனி, தெரியாத கடன்காரர்கள். 1949ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம் இதற்கென்றே ஒரு பாதுகாப்பைத் தந்திருக்கிறது. சொத்தைப் பிரிக்கப் போவதாக அரசாங்க கெஜட்டிலும் நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்கள் குறைந்தது இரண்டு மாத அவகாசத்துக்குள் விவரம் அனுப்பும்படி கேட்டு, அந்தக் கெடு முடிந்த பின் பிரித்துக் கொடுத்தால், அதன் பிறகு தலைகாட்டும் கடன்காரர் உங்களைச் சொந்தப் பொறுப்பில் பிடிக்க முடியாது. பணத்தைப் பெற்றுக்கொண்ட வாரிசுகளைத்தான் அவர் தேடிப் போக வேண்டும். விளம்பரச் செலவு சொத்தைச் சேரும். இந்தச் செலவு வீண் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது; அதைக் கூர்ந்து படியுங்கள். அந்த அறிவிப்பு உங்களுக்குத் தெரியாத கோரிக்கைகளிலிருந்துதான் உங்களைக் காக்கும். ஜாமீன் கையெழுத்தைப் பற்றித் துக்க வீட்டிலேயே உங்கள் காதில் விழுந்துவிட்டது. அது வெறும் வாய்ச்சொல்தானே என்று விட்டுவிட்டு, பிறகு நாளிதழ் விளம்பரத்தை மட்டும் காட்டித் தப்பிக்க நினைத்தால், சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கையெழுத்திட்டவர் இறந்ததால் ஜாமீன் தானாக ரத்தாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு அவருடைய சொத்து பதில் சொல்ல வேண்டியிருக்கலாம். எனவே அந்த நண்பரைத் தேடிப் பிடித்து எந்த வங்கி என்று கேளுங்கள். வங்கிக்குப் புரோபேட் நகலையும் மரணச் சான்றிதழையும் இணைத்துக் கடிதம் எழுதி, இன்றைய பாக்கி எவ்வளவு, பத்திரத்தின் நகல் கிடைக்குமா என்று கேளுங்கள். அனுப்பிய கடிதத்துக்குப் பதிவுத் தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அந்தக் கடனுக்கு ஈடான தொகையைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

அண்ணனுக்கு என்ன சொல்வது என்று கேட்பீர்கள். மரணமடைந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை பிரித்தே ஆக வேண்டும் என்று நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதைச் சட்டமே சொல்கிறது. அவரிடம் அதைச் சொல்லுங்கள். இதைவிட வலுவான காரணம் ஒன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அது அந்த இளைய மகன்.

1971ஆம் ஆண்டு குடும்பப் பராமரிப்புக்கான வாரிசுச் சட்டத்தின்படி, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத மகன், உயிலில் தமக்குத் தக்க ஏற்பாடு செய்யப்படவில்லை என்று நீதிமன்றத்தை நாடலாம். புரோபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் அவருக்குக் கால அவகாசம். அந்த ஆறு மாதத்துக்குள் நீங்கள் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு நீதிமன்றம் அவருக்குப் பராமரிப்புத் தொகை உத்தரவிட்டால், அதை எங்கிருந்து கொடுப்பீர்கள்? ஆறு மாதம் கடந்த பின் பிரித்தீர்கள் என்றால், தாமதமாக வரும் மனுவைக் காரணம் காட்டி உங்கள்மீது பழி சுமத்த முடியாது. இன்னும் ஐந்து மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். நிறைவேற்றுநராக நீங்கள் அந்த மகனுக்காக வாதாட வேண்டியதில்லை. ஆனாலும் அவருக்கு இப்படி ஓர் உரிமை உண்டு என்பதை அவரோ அவரைப் பார்த்துக்கொள்பவரோ அறியாமலே காலம் கடந்துபோவதை என் மனம் ஏற்கவில்லை. பெரியம்மாவை உட்கார வைத்து இதைப் பேசுங்கள்.

காத்திருக்கும் மாதங்களிலும் வேலை இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தீக்காப்புறுதி தவணை தவறினால், நாளை தீப்பிடித்தால் கேள்வி உங்களிடம்தான் வரும். என்னிடம் வந்த ஒருவர், இறந்துபோன தாயாரின் பிஸ்கட் தகரத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் நில வரி, வீட்டு வரி ரசீதுகள், மின்சாரக் கட்டணச் சீட்டுகள், நகைக்கடை அடமானச் சீட்டு ஒன்று, எல்லாம் ரப்பர் வளையம் போட்டு ஆண்டுவாரியாக இருந்தன. அந்தத் தகரத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக்கொண்டு, வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று அவர் தேதி போட்டு எழுதியதால், இரண்டு ஆண்டுக்குப் பின் தங்கை கணக்குக் கேட்டபோது ஒரே மாலையில் பேச்சு முடிந்தது. நீங்களும் சொத்துப் பணத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும்தானே என்று உங்கள் கணக்கில் போட்டுவைப்பதுதான் பெரும் சண்டைகளுக்கு விதை. லாரியை நீங்களே வாங்கிக்கொள்ள விரும்பினாலும், வாரிசுகள் அனைவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வெளியார் மதிப்பீடும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

பங்கு கொடுக்கும் நாளில் ஒவ்வொருவரிடமும் கையொப்பமிட்ட ரசீதோடு, பின்னர் ஏதேனும் கடன் வெளிப்பட்டால் தாம் பெற்ற அளவுக்குத் திருப்பித் தருவதாக ஓர் உறுதிமொழியையும் வழக்கறிஞர் மூலம் எழுதி வாங்குங்கள். எதில் எப்படி நடப்பது என்று உண்மையிலேயே தெரியாத கட்டம் வந்தால், நீதிமன்ற விதிகள் 2012இன் கீழ் நீதிமன்றத்திடமே வழிகாட்டுதல் கேட்கலாம். நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்து தவறு நேர்ந்தவரை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அது நீதிபதியின் விருப்புரிமை, ஆகையால் அதை நம்பி முன்கூட்டியே எதையும் துணிந்து செய்யாதீர்கள்.

கேள்வி: திருமணமாகாத என் அண்ணன் உயில் எழுதாமல் இறந்தார். பெற்றோர் இல்லை. காப்புறுதிப் பத்திரத்தில் என் பெயரை நியமித்திருந்ததால் தொகை என் கணக்குக்கு வந்துவிட்டது. தங்கை பாதியைக் கேட்கிறாள். கொடுக்க வேண்டுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: கொடுக்க வேண்டும் அம்மா. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி, கணவன் மனைவியோ பிள்ளைகளோ நியமிக்கப்பட்டால், அல்லது அவர்கள் யாரும் இல்லாதபோது பெற்றோர் நியமிக்கப்பட்டால், அந்தத் தொகை அவர்களுக்கே உரியது, சொத்தில் சேராது. உடன்பிறந்தவர் நியமிக்கப்பட்டால் அவர் நிறைவேற்றுநராகத்தான் தொகையைப் பெறுகிறார். ஆகவே அண்ணனின் கடன்களைக் கழித்தபின், 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி, மனைவி, பிள்ளை, பெற்றோர் இல்லாத நிலையில் உடன்பிறந்தவர்களுக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். நீங்கள் இருவர் மட்டும் என்றால் தங்கைக்குப் பாதி. ஊழியர் சேமநிதியில் நிலைமை வேறு. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் நியமித்தவர் அந்தத் தொகைக்குத் தாமே உரியவர். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்பியவர்கள் பலர்.

கேள்வி: நிறைவேற்றுநராக வேலை பார்ப்பதற்குக் கூலி உண்டா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: திரட்டிய சொத்து மதிப்பில் ஐந்து விழுக்காட்டுக்கு மிகாத தொகையை நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி அனுமதிக்கலாம். நீங்களாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: என் மாமா என்னைக் கேட்காமலே உயிலில் நிறைவேற்றுநராக எழுதிவிட்டார். உடல்நலம் சரியில்லை. விலகிக்கொள்ள முடியுமா?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: முடியும். இன்னும் சொத்தில் கைவைக்காமல் இருந்தால், புரோபேட் உரிமையைத் துறப்பதாக எழுத்தில் கொடுத்துவிடலாம். ஈமச்சடங்கு செய்வது, வீட்டைப் பூட்டிப் பாதுகாப்பது போன்றவை கைவைத்ததாக ஆகாது. ஆனால் வாடகை வசூலிப்பது, காரை விற்பது, மாமாவுக்கு வர வேண்டிய பாக்கியை வாங்குவது போன்றவற்றில் இறங்கிவிட்டால் நீங்கள் பொறுப்பை ஏற்றதாகவே கொள்ளப்படும், பின்வாங்குவது கடினம். ஆகவே வாடகைக்காரர் இந்த மாதப் பணத்தை உங்களிடம் நீட்டினால் வாங்காதீர்கள். துறப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, பொறுப்பேற்பவர் யார் என்பதை அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.