நெஞ்சுக்குள் இறங்கிய காற்று: மிஸியிடம் கேட்டவை

நெஞ்சு நோய் வாட்டில் வேலை செய்யும் தாதி ஒருவர், நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.

மிஸி, தம்பிக்கு 22 வயது, உயரம், ஒல்லி. சும்மா இருக்கும்போதே வலப்பக்கம் குத்தி மூச்சு வாங்கியது. நுரையீரலுக்கு வெளியே காற்று என்கிறார்கள். கஞ்சா அடிப்பான், அதாலயா? (கல்லடி)

அதற்கும் பங்கு இருக்கலாம். ஒல்லியான உயரப் பொடியன்களுக்கு எந்தப் பழக்கமும் இல்லாமலே இது வருவதுண்டு. நுரையீரலின் உச்சியில் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். ஒன்று வெடித்தால் காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்குள் தங்கும், நுரையீரல் சுருங்கும். சிகரெட் இந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டும். கஞ்சாவில் இழுக்கும் விதமும் சேர்கிறது: நெஞ்சு நிரம்ப இழுத்து, மூச்சை அடக்கி, சிலர் முக்கவும் செய்கிறார்கள். உள்ளே அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? அடக்கினால் போதை கூடும் என்று நினைப்பு. கூடுவது பெரும்பாலும் தார்தான். போதாததற்குப் புகையிலையையும் கலந்து சுற்றுகிறார்கள்.

மகள், என்ட மகனுக்கு நெஞ்சில டியூப் போட்டிருக்கு. போத்தலில் குமிழி குமிழியா வருது, பயமா இருக்கு. (காத்தான்குடி)

வெளியே வர வேண்டிய காற்றுத்தான் உம்மா, பயப்படாதீங்க. குழாயின் நுனி தண்ணீருக்குள் இருப்பதால் காற்று வெளியேறும், திரும்பிப் போகாது. இருமினால் குமிழி கூடும். குமிழி நின்றால் ஓட்டை மூடியிருக்கலாம், டியூப் அடைத்தும் இருக்கலாம். அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீங்கள் போத்தலைக் கட்டிலில் ஏற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும். டொய்லட் போகும்போது அதைத் தோளுயரம் தூக்கிக்கொண்டு நடக்கும் பொடியன்களுக்கு என்னிடம் ஏச்சு நிச்சயம்.

ஐஸ், ஹெரோயின் பாவிப்பவர்களுக்கும் வருமா? (வாழைச்சேனை)

வரும். புகையாக இழுத்து அடக்கினால் அதே கதைதான். ஊசி வேறு வழி. கை நரம்பு கெட்டபின் கழுத்தில் குத்தப் பார்ப்பார்கள். நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கும் மேலே நிற்கிறது. ஊசி அதில் பட்டுவிடும்.

பொலிசுக்குப் பயந்து நண்பன் டொக்டரிடம் மறைக்கிறான். (கல்முனை)

வாட்டில் கேட்பது வைத்தியத்துக்காக. ஹெரோயின் பழகிய உடம்புக்கு வழக்கமான வலி மருந்து காணாது. மறுநாள் ஹெரோயின் கிடைக்காமல் வியர்த்து நெளிவார், நாங்களோ டியூபில் பிழை தேடிக்கொண்டிருப்போம். சனம் நிற்கும்போது வெட்கமென்றால், டொக்டரிடம் தனியாகப் பேசக் கேட்கட்டும்.

டியூப் கழற்றியாச்சு. கட்டாருக்கு டிக்கெட் போட்டாச்சு. (அக்கரைப்பற்று)

காற்று முழுதாகப் போனது எக்ஸ்றேயில் தெரிந்து, அதன் பின் குறைந்தது 7 நாள் போகட்டும். மிச்சமிருக்கும் காற்று விமானம் ஏற ஏற விரியும். டொக்டரிடம் கேட்டு டிக்கெட்டை மாற்றுங்கள்.

நான் சிலிண்டர் கட்டிச் சுழியோடி கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கப் போகிறவன். இனிப் போகலாமா? (கல்லடி)

வேண்டாம். அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஏறி வரும்போது கசிந்தால் நடுக்கடலில் யார் டியூப் போடுவது?

திரும்ப வருமா? (சம்மாந்துறை)

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது, அதுவும் முதல் ஒரு வருடத்துக்குள்தான் அதிகம். இரண்டாம் தடவை வந்தால் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். மறுபடி குத்தினால் உடனே காட்டுங்கள். பேச முடியாமல் மூச்சு முட்டினால், உதடு நீலமானால், ஓட்டோ தேடாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.