விண்டோஸ் 11-ஐ 8 என்று காட்டும் மென்பொருள்

கேள்வி: சி பிளஸ் பிளஸ்ஸில் பில்லிங் மென்பொருள் எழுதி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கொடுக்கிறேன். பிழை அறிக்கையோடு இயங்குதளத்தின் பதிப்பும் சேர்ந்து வரும். விண்டோஸ் 11 கணினியிலிருந்து 6.2, அதாவது விண்டோஸ் 8 என்று வருகிறது. விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பெயரைப் படித்தால் விண்டோஸ் 10 என்கிறது. புது மேக்கிலிருந்து 10.16, அப்படி ஒரு பதிப்பே வெளிவரவில்லையே! எதை நம்புவது?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நிரலில் பிழை தேட வேண்டாம். 6.2, 10.16 இரண்டையும் இயங்குதளங்கள் தெரிந்தேதான் கொடுக்கின்றன. பதிப்பு எண்ணைத் தவறாகச் சோதிக்கும் பழைய நிரல்கள் ஏராளம். புது எண்ணைக் கண்டதும், ஓட முடிந்தும் ஓடாமல் நின்றுவிடும். அவற்றைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு.

விண்டோஸ் 8.1-லிருந்து, புதுப் பதிப்பை ஆதரிப்பதாக மேனிஃபெஸ்ட்டில் (நிரலோடு சேரும் விவரக் குறிப்பு) அறிவிக்காத நிரலுக்கு, பதிப்பைச் சொல்லும் கெட்வெர்ஷன்எக்ஸ் செயற்கூறு 6.2 என்றே சொல்லும். விண்டோஸ் 10-க்கான அடையாளக் குறியை மேனிஃபெஸ்ட்டில் சேருங்கள், 10.0 வரும். 11-க்குத் தனிக் குறி கிடையாது, அதன் எண்ணும் 10.0 தான். பதிப்பு எண்ணுக்கு அடுத்து வரும் பில்டு எண்ணைப் பாருங்கள்: 22000 அல்லது அதற்கு மேல் என்றால் 11. ஆனால் விண்டோஸ் சர்வர் 2025-இன் பில்டும் 26100. அதனால் சர்வரா இல்லையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நீங்கள் எழுதுவது வேறொருவர் நிரலுக்குள் ஓடும் டிஎல்எல் என்றால் மேனிஃபெஸ்ட் உங்கள் கையில் இருக்காது. அப்போது ஆர்டிஎல்கெட்வெர்ஷன் என்ற செயற்கூறு உண்மையான எண்ணைத் தரும். ரெஜிஸ்ட்ரியில் உள்ள பெயரை விட்டுவிடுங்கள், 11-லும் அது 10 என்றே இருக்கிறது.

மேக்கில் 10.15-க்கு அடுத்து, 2020-இல் வந்த பிக் சர் 11 ஆனது. 10.15 அல்லது அதற்கு முந்தைய எஸ்டிகே-யில் (நிரல் கட்டும் கருவித் தொகுப்பு) கட்டிய நிரலுக்கு மட்டும் 10.16 என்று சொல்கிறது. அடுத்து வந்த 12, 13-லும் அதே 10.16 தான் என்பதால் உங்கள் அறிக்கையை வைத்து எது எதுவென்று பிரிக்க முடியாது. புது எஸ்டிகே-யில் கட்டிக் கொடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அறிக்கையில் எழுத பதிப்பு எண் போதும். அதை வைத்து எதையாவது அனுமதிக்கிறீர்களா, மறுக்கிறீர்களா? ஒரு ஸ்கேனரின் இன்ஸ்டாலர் ஸ்கிரிப்ட், '10.9 அல்லது அதற்கு மேல் தேவை' என்று சொல்லி என் மேக்கில் நின்றுபோனது. மேக்கில் இருந்தது 11.2. இரண்டாவது எண் 9-க்குக் கீழே என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள்! ஸ்கேனர் நல்ல நிலையில் மேசை மேல் கிடந்தது. எழுத்துச் சரமாக ஒப்பிட்டாலும் இதே கதைதான்: '10.10' என்பது '10.9'-ஐ விடச் சிறியதாகிவிடும். முதல் எண்ணை முதலில், அது சமமானால் மட்டும் அடுத்தது என்று எண்களாக ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, உங்களுக்குத் தேவையான செயற்கூறு அந்தக் கணினியில் இருக்கிறதா என்று நேராகக் கேட்பது. விண்டோஸில் கெட்பிராக்அட்ரஸ் அதற்கு உதவும். காசு கொடுத்து வாங்கிய கடைக்காரரை, புதுக் கணினி வாங்கிய குற்றத்துக்காக வாசலில் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: லினக்ஸில் யூநேம் கட்டளை போதுமா?
- அதே வாசகர்

பதில்: போதாது. அது சொல்வது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் பதிப்பு. ஒரு கணினிக்குள் தனி லினக்ஸ் போல இயங்கும் டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடினால் வெளியே உள்ள கணினியின் கெர்னல் எண்தான் வரும், உள்ளே இருப்பது உபுண்டுவா டெபியனா என்று தெரியாது. இடிசி கோப்புறையில் ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பைப் படியுங்கள். உபுண்டு, டெபியன் போன்ற விநியோகத்தின் பெயரும் பதிப்பும் தனித்தனி வரிகளில் இருக்கும். ஆர்ச் லினக்ஸ் போன்றவற்றில் பதிப்பு வரியே இருக்காது. அப்போது அறிக்கையில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பில் போடுவது மட்டும் நிற்கக் கூடாது.