லைன் வீட்டுப் பிள்ளை யார் வீட்டை அலங்கரிக்கப் போகிறாள்?

போன ஞாயிற்றுக்கிழமை, மகளை மேலே என்ன படிக்கவைப்பது என்று என்னிடம் யோசனை கேட்கக் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்கு டீ பேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். துணைக்குக் கோவையிலிருந்து பெரியப்பா. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள்.

"டீச்சர், இன்டீரியர் டிசைன்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார் அப்பா. பெரியப்பா இன்னும் நேராகப் பேசினார்: "நாமளே பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல கெடக்கிறோம். இவ யாரு வீட்டை அலங்கரிக்கப் போறா?" அவர் ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டிருந்தார். கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். அம்மாவின் சங்கிலியை அடகு வைப்பது, மிச்சத்துக்குக் கடன்.

முதல் பத்து நிமிடம் நானும் வழக்கம்போல எல்லாரையும் சமாதானப்படுத்திக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அந்தப் பெண் பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

கோடு போடாத நோட்டு. எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவர்கள் குடியிருக்கும் வீட்டை அதில் வரைந்திருந்தாள். அளந்தது தையல் டேப்பால். அறுபது இஞ்சோடு டேப் முடிந்துவிடும், அங்கே சாக்பீஸால் கோடு போட்டு மறுபடி அதிலிருந்து தொடங்கி அளந்திருக்கிறாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், பாய் எங்கே விரிக்கிறார்கள், தம்பி எங்கே உட்கார்ந்து படிக்கிறான் எல்லாம் அதில் இருந்தது. பீரோ மட்டும் இரண்டு இடத்தில் வரையப்பட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். வெளிச்சுவரை ஒட்டி பீரோ இருந்தபோது ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் சேலையெல்லாம் பூஞ்சணம் பிடித்ததாம். பக்கத்து வீட்டு அடுப்பு இருக்கும் பொதுச்சுவர் மட்டும் காய்ந்தே இருப்பதைக் கவனித்து, நாலு விரல் இடைவெளி விட்டு பீரோவை அங்கே மாற்றியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த வாடை இல்லை என்று அம்மாவே சொன்னார்.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல டீச்சர். சுவரைத் தொட்டுப் பார்த்தேன்."

அதோடு சமாதானப் பேச்சை நிறுத்திவிட்டேன். பெரியப்பாவிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஐந்து பேர் பத்துக்குப் பன்னிரண்டில் வாழ்ந்த பிள்ளைக்குத்தான் ஒரு சாண் இடத்தின் அருமை தெரியும். நீங்கள் குறையாகச் சொல்வதுதான் அவளுடைய முதல் பள்ளிக்கூடம்.

இந்தத் தொழில் என்றாலே திரைச்சீலை, வண்ண விளக்கு, ஏசி அறையில் சோபாவுக்குத் துணி தேர்ந்தெடுப்பது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். குன்னூரில் இதைப் பல வருடமாகச் செய்துவரும் ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். காலை எட்டு மணிக்குள் ஆசாரியிடமிருந்து போன் வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து பிளைவுட் ஏற்றிய வண்டி பர்லியாறு பக்கம் மண் சரிந்து நிற்கும். வந்து சேர்ந்தால் தார்ப்பாய் நனைந்திருக்கிறதா, பலகை விளிம்பு உப்பியிருக்கிறதா என்று முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். பழைய பங்களாவில் அலமாரிக்கு அளவெடுத்தால் ஒரே சுவரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளப்பார். பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது. மூலைக்கு மூலை குறுக்காகவும் ஒரு அளவு எடுப்பார். அரை இஞ்ச் தவறினால் ஆசாரி கூலியும் பலகையும் அவர் கையிலிருந்துதான் போகும்.

மத்தியானம் வீட்டுக்காரர்கள் போனில் படம் அனுப்புவார்கள். ஏதோ மும்பை பிளாட்டில் பார்த்த ஜிப்சம் சீலிங் வேண்டும் என்பார்கள். மூடுபனி உள்ளே வரும் ஊரில் சாதாரண ஜிப்சம் பலகை ஈரத்தை இழுத்துத் தொங்கும் என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். சமையலறைக்குத் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகை வேண்டும், ஈரத்தை ஓரளவே தாங்கும் விலை குறைந்த எம்.ஆர். கிரேடு சிங்க்குக் கீழே தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி உட்கார்ந்து கணக்கு. எட்டுக்கு நாலு அடிப் பலகையில் எத்தனை துண்டு வெட்டலாம், எவ்வளவு வீணாகும் என்று. ஏப்ரல், மே சீசனுக்கு முன் காட்டேஜை முடித்துக் கொடுக்க வேண்டிய மாதங்களில் ஞாயிறே கிடையாது.

இதைக் கேட்டதும் அம்மா முகம் மாறியது. "ஆசாரிங்க, பெயின்டருங்க நடுவுல பொம்பளப் புள்ளையா?" என்றார். காட்டுமாடு மேயும் சரிவில் விடியும்போது கொழுந்து எடுக்கப் போகிறவர் கேட்ட கேள்வி அது. வேலைத்தளம் சுலபமான இடம் என்று நான் சொல்லவில்லை. அட்மிஷனுக்கு முன் பத்து நாள் அந்தக் குன்னூர் அம்மாவோடு மகள் போய்வரட்டும், தூசியும் வாக்குவாதமும் அவளுக்குப் பிடிக்கிறதா என்று அவளே பார்த்துவிட்டு வரட்டும் என்றேன். பிடிக்கவில்லை என்றால் அந்த முடிவும் அவளுடையதாகவே இருக்க வேண்டும்.

இப்போது செலவு. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. கம்ப்யூட்டரில் துளியும் நாட்டமில்லாத பிள்ளைக்காகச் சங்கிலியை அடகு வைக்காதீர்கள். அதே சங்கிலியை, பளபளப்பான விளம்பரம் போடும் தனியார் டிசைன் கல்லூரிக்காகவும் அடகு வைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஊட்டிப் பையன் ஒருவனை அப்படி ஒரு கல்லூரிக்கு நானே சிபாரிசு செய்தேன். முதல் வருடக் கட்டணத்துக்கே அவன் அப்பா அரை ஏக்கர் டீத் தோட்டத்தை விற்றார். இரண்டாம் வருடம் கட்ட வழியில்லாமல் பையன் திரும்பி வந்தான். அந்த வீட்டு வழியாகப் போகும்போது இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

"சரி, பி.ஆர்க்காவது போடலாமா?" என்றார் பெரியப்பா. அது கட்டடக்கலைப் பட்டம், ஐந்து வருடம். நாட்டா என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட 1972-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு கட்டாயப் பதிவு கிடையாது. அங்கே ஆளை நிலைநிறுத்துவது வரைபடமும் கைச்சுத்தமும்தான்.

அதனால்தான் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கதவைக் காட்டினேன். அரசு ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில், அதாவது கட்டட வரைபடம் போடும் படிப்பு. ஐ.டி.ஐ. என்றதும் பெரியப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். உட்காரச் சொல்லித்தான் பேசினேன்.

இரண்டு வருடப் படிப்பு. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும், அது ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும். முதலில் எழுத்தும் கோடும் கையால் பழக்குவார்கள். பிறகு பிளான், எலிவேஷன் எனும் வெளித்தோற்றம், செக்‌ஷன். ஒரு வீட்டைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று யோசிக்கப் பழகுவதுதான் செக்‌ஷன். இன்டீரியர் வேலையின் உயிர் அதில் இருக்கிறது. அப்புறம் கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட், சர்வே, லெவல் பார்ப்பது, கதவு ஜன்னல் மூட்டுகள், படிக்கட்டுக் கணக்கு, எஸ்டிமேட். ஒரு அறைக்கு எத்தனை செங்கல், எவ்வளவு சிமென்ட், எத்தனை சதுர அடி பெயின்ட் என்று கணக்குப் போடத் தெரிந்தவளை எந்தக் கான்ட்ராக்டரும் ஏமாற்ற முடியாது.

முடித்தால் நாடு முழுக்கச் செல்லும் என்.டி.சி. எனும் தேசியத் தொழிற்சான்றிதழ். பிறகு அப்ரன்டிஸாக உதவித்தொகையோடு வேலை பழகலாம். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் வழி இருக்கிறது. பெரியப்பாவின் இன்ஜினியரிங் ஆசையைக்கூட இந்தக் கதவு அடைக்கவில்லை. நகையும் வீட்டிலேயே இருக்கும்.

மலையில் வேலை இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இங்கே புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்குவது எவ்வளவு கடினம் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் இருக்கிற வீட்டையே பிரித்துப் பூசி, உள்ளே மாற்றி, ஹோம்ஸ்டே ஆக்குகிறார்கள். அந்த உள்வேலைக்கு ஒழுங்காக வரைந்து கொடுக்க ஆள் குறைவு.

கடைசியாக அவளிடம் தனியாகப் பேசினேன். ஐடியாவுக்குப் பின்டரெஸ்ட் என்ற படத் தளத்தைப் பார்ப்பதாகச் சொன்னாள். பார்க்கட்டும். ஆனால் ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் 1820-களில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் நிற்கிறது. பஸ் ஏறிப் போய் அதன் ஜன்னல்களை வரைந்து வரச் சொன்னேன். நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். நூலை எண்ணி எண்ணிப் போடுவதால் மறுபக்கமும் அழகாக இருக்கும். இரண்டே நிறத்தில் ஒரு அறையை நிறைப்பது எப்படி என்று அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. நாளைக்கு ஒரு வீட்டுக்கு அது வேண்டுமென்றால் அந்தப் பெண்களிடமே விலை கொடுத்து வாங்க வேண்டும், பிரின்ட் போட்ட போலித் துணி கூடவே கூடாது என்று கண்டித்தும் சொன்னேன். கூடலூர் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் காட்டைக் கெடுக்கும் உண்ணிச்செடி (லான்டானா) தண்டை வளைத்துச் செய்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அந்தத் தண்டில் நாற்காலியும் செய்கிறார்கள். அவள் அப்போதே நோட்டில் ஒரு முக்காலி கிறுக்கத் தொடங்கிவிட்டாள்.

பெரியப்பா அதற்குப் பிறகு பேசவில்லை. சம்மதமா கோபமா என்று தெரியவில்லை. அப்பா மட்டும் வாசலில் நின்று என்னென்ன எடுத்து வரவேண்டும் என்று கேட்டார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று, ஆதார், நாலு போட்டோ. வருகிற வழியில் ஹார்டுவேர் கடையில் ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்றும் வாங்கி வாருங்கள் அண்ணே, தையல் டேப் நாளாக ஆக நீண்டுவிடும், அளவு பிசகும் என்றேன்.