ரயிலில் மிஸ் பண்ணிய பாஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மண்ணடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தினமும் தண்டையார்பேட்டையில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குகிறவள். சென்ற வாரம், துறைமுகத்துக்குள் போவதற்கான என் பாஸ் ரயிலோடு போய்விட்டது. மேலாளருக்கு ‘ஐ மிஸ்ட் மை பாஸ் இன் தி ட்ரெயின்’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு, ‘பாஸ் மேல் அவ்வளவு ஏக்கமா அம்மா?’ என்று கேட்டார். பொருள் தொலைந்தால் மிஸ் பண்ணிவிட்டேன் என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? இதில் என்ன பிழை?

த., தண்டையார்பேட்டை

அன்புள்ள த.,

பிழை இருக்கிறது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் மேலாளர் கவனிக்கவில்லை. அது தமிழிலிருந்து வந்தது.

‘தவறவிடு’ என்ற நம் வினை இரண்டு வேலைகளைப் பார்க்கிறது. எட்டே முக்கால் வண்டியைத் தவறவிட்டேன் என்கிறோம். பணப்பையைத் தவறவிட்டேன் என்றும் எழுதுகிறோம். முதலாவதில் வண்டி நமக்குக் கிடைக்கவே இல்லை. இரண்டாவதில் கையில் இருந்தது போய்விட்டது. ஆங்கிலம் இவற்றுக்கு இரண்டு தனி வினைகளை வைத்திருக்கிறது. வீசிய மட்டையில் பந்து படாமல் போவது, நடைமேடைக்கு ஓடி வருவதற்குள் ரயில் கிளம்பிவிடுவது, ஒரு நாள் வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடுவது ஆகிய எல்லாம் ‘மிஸ்’. கைக்கு வந்து பிறகு போனது ‘லூஸ்’, இறந்தகாலத்தில் ‘லாஸ்ட்’. (எழுதும்போது ஒரே ஒரு ‘ஓ’ போடுங்கள், இரண்டு போட்டால் சட்டை தொளதொளவென்று இருப்பதைச் சொல்லும் வேறு சொல் ஆகிவிடும்.) எந்த இடத்தில் விட்டோம் என்பது தெரிந்திருந்தால் ‘லெஃப்ட்’ இன்னும் பொருத்தமானது.

தமிழில் தொலைந்ததைச் சொல்லச் சொல் இல்லாமல் நாம் ‘மிஸ்’ஸை இரவல் வாங்கவில்லை. ‘தொலைச்சுட்டேன்’ என்ற சொல் நம் வீடுகளில் நன்றாகவே புழங்குகிறது. ஆனால் அதைச் சொன்ன உடனே வசவும் சேர்ந்து வரும். ‘மிஸ் பண்ணிட்டேன்’ என்றால் குற்றம் பாதியாகிறது. ‘மிஸ் ஆயிடுச்சு’ என்றால் பாஸ் தானாகவே எழுந்து நடந்து போனதுபோல் ஆகிவிடுகிறது. இந்தச் சௌகரியத்துக்காகவே அந்தச் சொல் நம்மிடம் தங்கிவிட்டது என்று நான் நினைக்கிறேன். தமிழ்ப் பேச்சில் அப்படியே இருக்கட்டும், அதைத் திருத்த வேண்டியதில்லை. ஆங்கிலக் கடிதத்தில் மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்றையும் உங்கள் மேலாளரிடம் சொல்லலாம். ஒரு பொருள் இல்லை என்பதைக் கண்டுகொள்வதற்கும் ஆங்கிலத்தில் ‘மிஸ்’ உண்டு. வீடு வந்து சேரும்வரை பர்ஸ் காணாமல் போனதை நான் உணரவில்லை என்று சொல்ல ‘ஐ டிடின்ட் மிஸ் மை பர்ஸ் டில் ஐ காட் ஹோம்’ என்பார்கள். ஆகவே நீங்கள் எழுதியதை, ‘ரயிலில் இருக்கும்போதுதான் பாஸ் இல்லை என்று தெரிந்தது’ என்று ஒருவர் வலிந்து படிக்கவும் முடியும். நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல, அவ்வளவுதான்.

ஏக்கம் என்ற பொருள் இதற்கு மிக அருகில் இருக்கிறது. இல்லை என்று உணர்வது ஒன்று, அந்த இல்லாமை உறுத்துவது அடுத்தது. ‘ஐ மிஸ் யூ’ என்பதற்குத் தமிழ் இல்லை என்று பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். ராயபுரத்தில் எங்கள் தெருவில், வேலைக்குப் போன தாயை நினைத்து அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் ஆயா, யார் கேட்டாலும் ‘அம்மாவத் தேடுது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார். அந்தத் ‘தேடுது’தான் இந்த ‘மிஸ்’. இந்தப் பொருளில் அடுத்து இன்னொரு வினை வந்தால் அது ‘இங்’ விகுதியோடு வர வேண்டும்: ‘ஐ மிஸ் டாக்கிங் டு ஹெர்’ சரி, ‘ஐ மிஸ் டு டாக்’ தவறு.

‘மை பாஸ் இஸ் மிஸ்ஸிங்’ என்று நீங்கள் எழுதியிருந்தால் யாரும் சிரித்திருக்க முடியாது. ‘இஸ் மிஸ்ட்’ என்றால் மறுபடியும் ஏக்கத்துக்கே போய்விடும். ‘மிஸ் ஆயிடுச்சு’ என்பதை அப்படியே பெயர்ப்பவர்கள் விழும் குழி இது.

‘ஜஸ்ட் மிஸ்’ஸிலும் எச்சரிக்கை தேவை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி உரசாமல் போனால் ‘ஜஸ்ட் மிஸ்’ என்று மூச்சு விடுகிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ ஜஸ்ட் மிஸ்ட் தி ட்ரெயின்’ என்றால் ரயில் நொடிப் பொழுதில் கைநழுவியது என்று பொருள். தப்பித்த மகிழ்ச்சி அதில் கிடையாது. தப்பியதைச் சொல்ல ‘தி லாரி நேரோலி மிஸ்ட் மீ’ என்று லாரியை எழுவாயாக்குங்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததைப் பதிவு செய்யும் பகுதிக்கு ‘லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்’ என்றே பெயர். மாற்றுப் பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது நீங்களும் அந்தச் சொல்லையே எழுதுங்கள். மேலாளருக்கு அன்றே இப்படி அனுப்பியிருக்கலாம்: ‘ஐ லெஃப்ட் மை ஹார்பர் பாஸ் ஆன் தி ட்ரெயின் திஸ் மார்னிங்.’