புல்தரையும் துண்டுச் சீட்டும்: வாசகர் கேள்விகள்

கே: இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. புல்தரை முழுக்கக் கோரை. ஆள் விட்டு மூன்று தடவை பிடுங்கியும் வருகிறது. மேலே புதுப் புல் விரித்தால் அமுங்கிவிடுமா? (கொழிஞ்சாம்பாறை)

அமுங்காது. விரித்த புல்லைப் பொத்துக்கொண்டு வரும். கோரைக்கு உயிர் கிழங்கில். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். ஒரு இடத்தில் தோண்டிப் பாருங்கள்: கம்பி மாதிரி வேரில் கறுப்புக் கறுப்பாக மணி கோத்தது போல் கிழங்குகள் தெரியும். முக்கால் அடி ஆழம் கொத்தி, கிழங்கைப் பொறுக்கி, தண்ணீர் விட்டு மூன்று வாரம் சும்மா இருங்கள். மிச்சம் முளைக்கும், அதையும் தோண்டுங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று. நடுவே அருகம்புல் உயிரோடு இருந்தால் புதுப் புல்லே வேண்டாம், வெயில் பட்டால் அதுவே படர்ந்துவிடும்.

கே: கிளைபோசேட் களைக்கொல்லி இங்கே கிடைக்கவில்லை. பொள்ளாச்சியில் யாரிடமாவது சொல்லி வாங்கி வரலாமா? (வண்ணாமடை)

வேண்டாம். கேரளத்தில் 2019-லேயே விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர யாரும் அடிக்கக்கூடாது என்று 2022-இல் மத்திய அரசும் அறிவித்தது. அப்புறம், அதற்குக் கோரை வேறு, அருகு வேறு என்று தெரியாது.

கே: ஆன்லைனில் 99 ரூபாய்க்கு நீல நிறப் புல் விதை வாங்கினேன். பச்சையாக முளைக்கிறது.

முளைத்ததே அதிர்ஷ்டம்.

கே: கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சரியில் 400 சதுர அடி கொரியன் புல்லுக்குப் பணம் கட்டினேன். விரித்தபோது 310 தான் வந்தது, பாதி மஞ்சள். பில் தரவில்லை. “வண்டி ஏறிய பிறகு எங்கள் பொறுப்பில்லை” என்கிறார்கள். (கோபாலபுரம்)

உங்கள் மேல் தப்பில்லை, முதலில் அதை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். இனி என் பழைய புலம்பல். இந்தப் பக்கம் வியாபாரம் முழுக்கத் துண்டுச் சீட்டில்தான் ஓடுகிறது. பில் கேட்டால் “ஜிஎஸ்டி சேருமே” என்று பயமுறுத்துவார்கள், நாமும் பேசாமல் வந்துவிடுவோம். நானும் அப்படித்தான் ஒரு லோடு செம்மண் வாங்கினேன். மண்ணோடு கோரைக் கிழங்கும் இலவசமாக வந்தது. கேட்கப் போனால், “எங்க வண்டிதான்னு என்ன அத்தாட்சி?” 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டேப் வைத்து அளந்த போட்டோ எதையும் அழிக்காதீர்கள். அடுத்த முறை வண்டியிலிருந்து இறக்கும்போதே எண்ணுங்கள்.

கே: மாமரத்தடியில் இரண்டு தடவை கொரியன் புல் பட்டுப்போனது. மூன்றாவது தடவை எந்தக் கடையில் வாங்கலாம்? (மீனாட்சிபுரம்)

கடை என்னங்க செய்யும்? கொரியனுக்கும் அருகுக்கும் வெயில் வேண்டும். முதல் தடவை தெரியாமல் செய்தது, சரி. இரண்டாவது தடவையாவது மேலே அண்ணாந்து பார்த்திருக்கலாம். பஃபலோ புல் ஓரளவு நிழல் தாங்கும்; அடர்ந்த மாமரத்தடியில் அதுவும் சந்தேகம்தான். சருகு கிடக்கட்டும், ஒரு கல் பெஞ்சு போடுங்கள்.

கே: ஒரு சென்ட் புல்தரைக்குப் பெட்ரோல் மெஷின் வாங்கலாமா? (வேலந்தாவளம்)

ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. கையால் தள்ளும் மெஷினே தாராளம். ஒரே வெட்டில் மொட்டையடிக்காமல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுங்கள். நான் முக்கால் சென்ட்டுக்குப் பெட்ரோல் மெஷின் வாங்கியவன். திரும்ப இடமில்லாமல் செம்பருத்தியை இரண்டு தடவை வெட்டினேன். இப்போது கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அதற்கு மட்டும் பில் பத்திரமாக இருக்கிறது.